என் சுவருக்கு வெள்ளை அடித்த மகனுக்கு

சீலா,

நலமா என்று கேட்கவில்லை. புதன்கிழமை போனில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நுரையீரல் நன்றாக இருப்பது தெரிந்துவிட்டது. நான் வாயெடுத்தபோதெல்லாம் குறுக்கே பேசினாய். கடைசியில், "என் கல்யாணத்தைக் கெடுத்துட்டீங்கம்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இதை உறையில் போட்டு ஒட்டி ரகசியமாக அனுப்பவும் போவதில்லை. நீ என் சிநேகிதி பார்வதியிடம் பேசியது நம் நாயுடுபுரத்துத் தெருவில், நாலு வீட்டு வாசலுக்குக் கேட்கும்படி. ஆகவே உனக்கான பதிலையும் அந்த நாலு வீட்டுக்காரர்கள் முன்னால் வாசித்துவிட்டுத்தான் உனக்கு அனுப்புவேன். உனக்கு அது அவமானம் என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

பிள்ளைக்குக் கல்யாணம் கூடி வரும்போது பெற்றவர்கள் புத்திமதி எழுதுவது உண்டு. தாங்கள் செய்த தப்பையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, உருகி உருகி எழுதுவார்கள். அப்படி எதையும் என்னிடம் எதிர்பார்க்காதே. இந்த விஷயத்தில் என் பக்கம் தப்பு ஒன்றும் இல்லை. நீ செய்த காரியத்தை உனக்கே ஒருமுறை எடுத்துச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால், என்ன செய்தாய் என்பது உனக்கு இன்னும் தெரியவில்லை. "ஒரு செவத்துக்குப் பெயின்ட் அடிச்சதுக்கா இவ்வளவு" என்று போனில் கேட்டாயே, அந்த ஒரு கேள்வி போதும், நீ எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய் என்பதற்கு.

உன் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. குடித்ததில்லை, கை ஓங்கியதில்லை. மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சபையில் பிரசங்கம், வீட்டுக்கு வந்தால் வேதபுத்தகம். சந்தோஷத்தைக் கண்டால் மட்டும் அவருக்குப் பயம். சிரிப்புச் சத்தம் கேட்டால், எங்கோ குழாயைத் திறந்துபோட்டுவிட்டார்கள் என்பதுபோல எழுந்து வருவார். கல்யாணமான புதிதில், கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தேன். பின்னால் வந்து நின்று, "யாருக்குக் கேக்கணும்னு பாடுறே" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு நான் பாடியதில்லை. நம் வீட்டில் சினிமா கிடையாது, வேத வசனம் அச்சடித்த காலண்டரைத் தவிர படம் கிடையாது. சுவர்கள் எல்லாம் வெள்ளை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருஷம் தவறாமல் அவரே நின்று வெள்ளை அடிக்க வைப்பார். நான் பகலெல்லாம் பள்ளி விடுதியில் மேட்ரன் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அந்த வெள்ளைக்குள் திரும்பி வருவேன்.

உனக்கு எட்டு வயதில் ஒன்று நடந்தது. நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அப்பா ஒரு கூட்டத்துக்காகத் திண்டுக்கல் போயிருந்தார். நாம் பாலசமுத்திரத்தில் உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். பழனிக்குப் போய்ச் சாமான் வாங்கிவருவதாகச் சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனேன். திருடப் போன வீட்டில் கல்யாணம் நடக்க, திருடன் பந்தி பரிமாற மாட்டிக்கொள்கிற கதை. நீ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கும்படி ஆகிவிட்டது. அந்த விக்கலோடு நீ என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை நான் மறக்கவில்லை. மலைக்குத் திரும்பிய அன்று, "ஊர்ல என்னப்பா செஞ்சீங்க" என்று சாப்பாட்டில் அப்பா கேட்டார். நீ சொல்லிவிட்டாய். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். "அம்மாவை உப்பு கொண்டுவரச் சொல்லு" என்று உன்னிடம் சொல்வார். நான் பக்கத்தில்தான் நிற்பேன். நீ என் பக்கம் திரும்பி, "அம்மா, உப்பாம்" என்பாய்.

அன்று உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீ குழந்தை, பயந்து சொன்னாய். இப்போது உனக்கு முப்பத்திரண்டு வயது. பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை, கையில் கார். அப்பாவும் இல்லை. இப்போது யாருக்குப் பயந்து என்னைக் காட்டிக்கொடுக்கிறாய்?

அப்பா காலமான மறுவருஷம் ஐப்பசி மழையில் நான் வீட்டில் தனியாக இருந்தேன். விடுதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி எதிர்வீட்டை மறைத்திருக்கும். வெளியே வெள்ளை, உள்ளே வெள்ளை. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, எனக்கு மூச்சு முட்டியது. குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மஞ்சள் பெயின்ட் வாங்கி வந்தேன். முன்னறைப் பெரிய சுவர் முழுவதையும் நானே அடித்தேன். தோள்பட்டையை இரண்டு நாள் தூக்க முடியவில்லை. ஆனால் மறுநாள் காலையில் எழுந்து முன்னறைக்கு வந்தபோது, அறுபது வயதை நெருங்கிய மனுஷி, சுவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். எழுந்து வர யாரும் இல்லை.

அதன்பிறகுதான் அந்தச் சுவரில் வாரம் ஒரு படம் வரைய ஆரம்பித்தேன். அந்த வாரத்தில் எது என்னைச் சந்தோஷப்படுத்தியதோ அதை மட்டும். ஆவி பறக்கும் எவர்சில்வர் டம்ளர். பனிக்குள் ஒற்றை விளக்கு மட்டும் தெரிய வரும் ஸ்கூட்டர். கம்பளி சாக்ஸ் போட்ட என் இரண்டு கால்கள். பழுத்துப் புள்ளி விழுந்த பேரிக்காய். நம் சந்துக்குள் வந்து யார் வீட்டு முட்டைக்கோஸையோ மென்றுகொண்டு நின்ற காட்டெருமை. நான் ஓவியம் படித்தவள் இல்லை. காட்டெருமை பன்றி மாதிரி வந்தது, கொம்பை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். இருக்கட்டும். என்னுடைய வாரம், என்னுடைய காட்டெருமை. சமையலறைக் கதவில் சாக்பீஸால் நாலைந்து வரிகள் எழுதுவேன். அதைக் கவிதை என்று சொல்லத் தைரியம் வர ஒரு வருஷம் ஆயிற்று. அதில் ஒன்று:

மூடுபனி வந்து
எதிர்வீட்டைத் தூக்கிக்கொண்டு போனது.
என் அடுப்பை மட்டும் விட்டுவிட்டது.
போதும்.

பார்வதி வந்தது அப்போதுதான். நீ கட்டிக்கொள்ளப்போகிற மெர்லினும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன், பார்வதி சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாகத் திரும்பி வந்தவள். மார்க்கெட்டில் மலைப்பூண்டு தரம் பிரிக்கிற வேலை. நம் வீட்டுக்குக் கீழே, ஓடை திரும்புகிற இடத்தில் அவள் வீடு. வருஷக்கணக்காக வீட்டுக்குப் பூண்டு கொண்டுவந்து கொடுத்தவள், அப்பா இருந்தவரை வாசல்படியைத் தாண்டியதில்லை. அன்று கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, வெயிலப் பிடிச்சாந்து வீட்டுக்குள்ள கட்டிப் போட்டுருக்கீங்க" என்றாள். நான் உள்ளே வரச் சொன்னேன். சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இந்தப் பன்னிக்கு எதுக்கு கொம்பு" என்று கேட்டாள். நாங்கள் சிநேகிதிகள் ஆனது அந்தக் கேள்வியில்தான்.

பிறகு ஞாயிற்றுக்கிழமை சினிமா. மூடப்போகிற ஒரு ஹோட்டலிலிருந்து பழைய புரொஜெக்டர் கிடைத்தது. சபை முடிந்து சாப்பாடும் ஆன பிறகு, ஜன்னலுக்குக் கம்பளி போட்டு மறைத்து, போர்வையை ஆணியில் மாட்டிப் படம் போடுவோம். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தங்களுக்குப் பிடித்த ஒன்றை இரண்டு வரியிலாவது சொல்ல வேண்டும், சொல்லாதவருக்கு அடுத்த வாரம் முன்வரிசை இல்லை. பார்வதி சிரிப்புப் படத்துக்கு அழுவாள், அழுகைப் படத்துக்குச் சிரிப்பாள். ஒருமுறை படம் முடிகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்தபடி மீதிக் கதையை அவளே சொல்லி முடித்தாள். ஓடிப்போன மாமியாரை மருமகள் பஸ் ஸ்டாண்டில் கண்டுபிடித்து, வீட்டுக்குக் கூப்பிடாமல், தானும் அவளோடு பஸ் ஏறிவிடுகிறாள். பிறகு கரண்ட் வந்து உண்மையான முடிவைப் பார்த்தோம். அதில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். "இதுக்கு நம்ம பார்வதி படமே தேவல" என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சீலா, அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இதைத்தான் நான் இத்தனை வருஷம் வேறு யாரோ, வேறு எங்கோ, பெரிய வீடுகளில் அனுபவிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு போர்வையும் ஆணியும் ஏழெட்டுப் பேரும் போதுமாக இருந்திருக்கிறது.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாய். சுவரைப் பார்த்தாய். போனில் ஒரு போட்டோ எடுத்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளை ஆபீசில் காட்டத்தான் எடுக்கிறான் என்று நினைத்தேன். அளவு பார்க்க எடுத்திருக்கிறாய்.

பிறகு மாசியில் போன் செய்தாய். "அம்மா, உங்களுக்கு இருமல் இன்னும் நிக்கல. கல்யாண வேலை வந்தா ஓய்வே இருக்காது. ஒரு பத்து நாள் சித்தி வீட்டுல போய் இருங்க. நான் லீவு போட்டு வந்து வீட்டப் பாத்துக்கிறேன்" என்றாய். உன் குரலில் அவ்வளவு அக்கறை. நான் நம்பினேன். கார் அனுப்பிக் கீழே இறக்கிவிட்டாய். பாலசமுத்திரத்தில் உன் சித்தி என்னை ஒரு வேலை செய்ய விடவில்லை. "ஒன் மகன் மாதிரி யாருக்குக்கா கெடைக்கும். வெள்ளனே எந்திரிச்சு என்ன செய்யப் போற, படு" என்றாள். நான் அவள் வீட்டுத் தென்னந்தோப்பில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, தூரத்தில் நீலமாகத் தெரிந்த மலையைப் பார்த்தபடி, சுவரில் அடுத்து உன்னை வரையலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தாயை ஓய்வெடுக்க அனுப்பிய மகன். அந்த வாரத்தின் சந்தோஷம் நீதான். அப்படி யோசித்த என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

பழனியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன். சந்து திரும்பியதுமே பெயின்ட் வாசனை. கதவைத் திறந்தவன் நீதான், முகமெல்லாம் சிரிப்பு. "கண்ண மூடுங்கம்மா" என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாய். கண்ணைத் திறந்தேன். சுவர் வெள்ளையாக இருந்தது. அப்பா காலத்து வெள்ளைகூட இல்லை, ஆஸ்பத்திரி வெள்ளை. சமையலறைக் கதவை இழைத்து வார்னிஷ் அடித்திருந்தாய். ஜன்னலோரம் ஒரு பிரம்பு ஊஞ்சல்.

"சுவர் எங்கேடா?"

"சுவர்தான இது. எவ்வளவு பிரைட்டா இருக்கு பாருங்க. மெர்லின் வீட்டு ஆளுங்க வந்து தங்குவாங்கம்மா. அந்தக் கிறுக்கலயெல்லாம் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"என்ன நெனைப்பாங்க?"

நீ போனை எடுத்துக் காட்டினாய். கல்யாணத்துக்குப் பிறகு நான் உன்னோடு பெங்களூருக்கு வந்துவிடுவேனாம், வீடு ஹோம்ஸ்டே ஆகிவிடுமாம். என்னைக் கேட்காமலே படம் பிடித்து, விளம்பரத்தையும் போட்டுவிட்டிருந்தாய். விடுதியில் வேலை பார்த்தவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும். வாசித்தேன். பனி வந்து மோதும் ஜன்னல். அமைதி. அன்றாட வாழ்வின் சின்னச் சின்ன சந்தோஷங்களை இங்கே திரும்பக் கண்டெடுங்கள். அப்படித்தான் எழுதியிருந்தாய்.

சீலா, எனக்கு வந்த கோபம் சுவருக்காக மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. அந்த வாக்கியத்துக்காக. பெற்றவள் அந்தச் சந்தோஷத்தைக் கண்டெடுத்து வைத்திருந்த இடத்தைச் சுரண்டித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் உட்கார்ந்து அதை ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடப் பார்த்தாய். கீழே வெயிலில் இருப்பவர்கள் வந்து நம் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்தால் அது ரசனை. நான் பார்த்து நாலு வரி எழுதினால் அது கிறுக்கல். உன் அப்பாவுக்காவது சந்தோஷத்தின்மேல் உண்மையான பயம் இருந்தது. அதை விற்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்த விஷயத்தில் அவர் உன்னைவிட மேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஊருக்குப் போய்விட்டாய். மத்தியானம் யாரும் வரவில்லை. நான் பார்வதி வீட்டுக்கு இறங்கிப் போனேன். வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஏன் வரல?"

"மூட்டு வலிக்கா."

"ஏறி வர வேண்டாம், நான் ஆட்டோ சொல்றேன்."

"இல்லக்கா. கொஞ்ச நாள் போகட்டும். ஒக்காருங்க, தேத்தண்ணி போடுறேன்."

வேறு எதையும் அவள் வாயிலிருந்து பிடுங்க முடியவில்லை. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயின்ட் அடித்த முருகேசன்தான், மிச்சமிருந்த டப்பாவை எடுக்க வந்தவன், வாசலிலேயே தயங்கி நின்று சொன்னான். "தம்பிதான், அம்மா வர்றதுக்குள்ள வெரசா முடிங்கண்ணேன்னுச்சு. நீங்க சொல்லித்தான் செய்யுதுன்னு நெனச்சேன்மா. பார்வதியக்கா வந்து, அக்காவக் கேட்டீங்களான்னு மறிச்சப்பதான் எனக்கே சந்தேகம். அப்புறம் தம்பி பேசினதெல்லாம் நான் சொல்லக் கூடாது." சொல்லு என்றேன். தலையைக் குனிந்துகொண்டு, நீ சொன்னதை அப்படியே சொன்னான். "எங்கம்மாவுக்குத்தான் வயசாகி மூள கலங்கிருச்சு. ஓசித் தேத்தண்ணிக்கும் ஓசிப் படத்துக்கும் வீடு ஏறி வாறீங்களே, வெக்கமா இல்லையா." இதை நீ வாசலுக்கு வெளியே நின்று சொல்லியிருக்கிறாய். எதிர்வீட்டில் கேட்டிருக்கிறார்கள், அடுத்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள். பார்வதி இறங்கிப் போயிருக்கிறாள்.

அவள் உன்னை மறித்தது எனக்காக. அதை நீ யோசித்துப் பார்த்தாயா? என் வீட்டில் எனக்காகப் பேச இருந்தவள் அவள் ஒருத்திதான். பெற்ற பிள்ளை உள்ளே நின்று சுரண்டச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இனி மெர்லின் விஷயம். நான் அவளைக் கூப்பிடவில்லை. அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, உங்க சுவர் போட்டோவ முன்னாடி காமிச்சிருந்தாரு. அந்தக் கொம்பு வெச்ச பன்னி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. நேர்ல பாக்கணும்னு ஆசையா இருந்தேன். நீங்களே அழிக்கச் சொல்லிட்டீங்களாமே, ஏன்?" என்று கேட்டாள். உன்னைக் காப்பாற்ற எனக்கு வழி இருந்தது. ஆமாம்மா, பழசாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உன் அப்பாவோடு முப்பது வருஷம் ஓடியது. ஆகவே நடந்ததைச் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பார்வதியை நீ பேசியதையும் சொன்னேன். அவள் அழவில்லை. முதல்முறையாக என்னை அத்தை என்று கூப்பிட்டாள்.

"அத்தை, கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கு என்ன கலர் பிடிக்கும்னு அவர் கேப்பாரா?"

"அத இப்பவே அவன்ட்ட கேட்டுக்கம்மா" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அவள் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்வதாக நீ கத்துகிறாய். அது அவள் முடிவு. நான் தள்ளிப்போடு என்றும் சொல்லவில்லை, கட்டிக்கொள் என்றும் சொல்லவில்லை. உன் கல்யாணம் ஒரு உண்மையைத் தாங்க முடியாமல் கெட்டுப்போகிறது என்றால், அதைக் கட்டியவனைத்தான் கேட்க வேண்டும்.

புத்திமதி வேண்டாம் என்று தொடங்கினேன், ஆனாலும் அந்தப் பெண்ணுக்காகச் சிலது சொல்கிறேன். உனக்காக இல்லை. அவள் வந்தால், சினிமா பார்க்கும்போது அவள் சிரித்தால் அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்காதே. திரையைப் பார். எது அவளைச் சிரிக்க வைத்தது என்று தேடு. கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு இரு. துணி மடிக்கும்போது பாடினால் யாருக்குக் கேட்க வேண்டும் என்று கேட்காதே. ஒரு கவிதையை உனக்கு வாசித்துக் காட்டினால் இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்காதே. உன் வேலையால் என்ன பிரயோசனம் என்று அவள் திருப்பிக் கேட்டால் உனக்கும் பதில் இருக்காது. வீடு என்பது வருகிறவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் இடம் இல்லை. யாரும் வராத ஒரு செவ்வாய்க்கிழமை மழையில் அதற்குள் இருக்க உனக்குப் பிடிக்கிறதா என்று பார். பிடிக்கவில்லை என்றால், நீ எவ்வளவு வெள்ளை அடித்தாலும் அது வீடு இல்லை. சந்தோஷத்தை லீவுக்கும் ஹனிமூனுக்கும் எடுத்துவைப்பவர்கள் நம் ஊருக்கு வண்டி வண்டியாக வருகிறார்கள். ஏரியைச் சுற்றிப் போட்டோ எடுத்துவிட்டு, வந்ததைவிடக் களைத்துப் போய் இறங்குகிறார்கள். அந்த வரிசையில் அவளையும் நிறுத்தாதே.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். விளம்பரத்தை எடுக்கச் சொல்லி உனக்கு முன்பே சொல்லியாயிற்று. எடுத்துவிட்டாயா என்று மெர்லினைப் பார்க்கச் சொன்னேன், எடுத்துவிட்டாய் என்றாள். நல்லது. நான் பெங்களூருக்கு வரவில்லை. இந்த வீட்டில் இருப்பேன், நடக்க முடியாத நாள் வந்தாலும் இங்கேதான் இருப்பேன். ஊஞ்சலை முருகேசன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், அவன் பேத்தி ஆடுகிறாள். சுவரை அப்படியே விட்டிருக்கிறேன். அந்தப் படங்களைத் திரும்ப வரைய முடியாது, அந்த வாரங்கள் போய்விட்டன. புதிதாக எதை வரையலாம் என்றால், இந்த மாதத்தில் என்னைச் சந்தோஷப்படுத்தியது என்று ஒன்றும் இல்லை. பொய்யாக வரைய எனக்குத் தெரியாது.

பார்வதி என் படி ஏற மாட்டேன் என்கிறாள். வற்புறுத்தவில்லை. நான் புரொஜெக்டரையும் போர்வையையும் ஆணியையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். "இந்தச் சின்ன வீட்டுலயாக்கா" என்றாள். "ஏழெட்டுப் பேருக்கு எவ்வளவு எடம் வேணும்" என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. முழங்கால் ஒருவர்மேல் ஒருவர் இடிக்க உட்கார்ந்து பார்க்கிறோம். இந்தக் கடிதத்தை வாசிக்கப்போவதும் அங்கேதான்.

கடைசியாக ஒன்று. கல்யாணம் நடந்தால் வருவேன். பட்டுச்சேலை கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்களோடு சேர்ந்து பாட்டும் பாடுவேன். அது அந்தப் பெண்ணுக்காக. உனக்கும் எனக்கும் நடுவில் இருப்பது அதனால் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ மேலே வர வேண்டும். நம் வீட்டுக்கு இல்லை, நேராகப் பார்வதி வாசலுக்கு. பட்டப்பகலில், எல்லோரும் கூடியிருக்கும்போது. அன்று எந்தக் குரலில் பேசினாயோ அதே குரலில், எதிர்வீட்டாருக்கும் அடுத்த வீட்டாருக்கும் கேட்கும்படி, நீ பேசியது தப்பு என்று சொல்ல வேண்டும். என்னைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்து. என்னிடம் தனியாக வந்து அழுதால் நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

நீ சொல்லி முடித்த பிறகு அவள் உன்னை மன்னிக்கலாம், மன்னிக்காமல் உள்ளே எழுந்து போகலாம். அது அவள் சோலி. நான் உனக்காக ஒரு வார்த்தை சிபாரிசு செய்ய மாட்டேன்.

அம்மா